எத்தனை யார்டு, எந்த ஸ்கோரில்

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கத்தின் ஆண்டு மலரில் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தை எழுதும் பகுதி ஒன்று உண்டு. இந்த முறை அதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பதுதான். ஆனால் அந்தத் தொழிலிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மை. இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். கேட்க வந்த பெண், "அக்கா, படிக்கிற பிள்ளையளுக்கு உற்சாகம் வாற மாதிரி எழுதுங்கோ. அமெரிக்கன் ஃபுட்போலில வேலை செய்த தமிழ்ப் பொம்பிளை வேற ஆர் இருக்கினம்?" என்றாள். அவள் எதிர்பார்க்கும் கதை என்னிடம் இல்லை. நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம். பெரிய வித்தியாசத்தில் தோற்ற அணியின் குவார்ட்டர்பேக்கைக் காட்டி, "முந்நூறு யார்டுக்கு மேல் எறிந்திருக்கிறார், தோல்விக்கு இவரைக் குறை சொல்ல முடியாது" என்றார் வர்ணனையாளர். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக் என்பவனின் கையில் தொடங்கும். அவன் பந்தை ஓடுபவனிடம் கொடுக்கலாம், அல்லது முன்னால் ஓடிப் போய் நிற்பவனுக்கு எறியலாம். எறிந்த பந்து பிடிபட்டால் அந்தத் தூரம் முழுவதும் அவன் பெயரில் ஏறும். அடுத்த நாள் பத்திரிகையில் பெரிதாக வரும் எண் அதுதான். அந்த எண்ணுக்கும் வெற்றிக்கும் என்ன உறவு என்பதுதான் என் தொழில் வாழ்க்கை முழுவதும்.

யாழ்ப்பாணத்தார் என்றால் எல்லோரும் படித்தவர்கள் என்று கனடாவில் இந்த மொன்ட்ரியால் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஒருவரும் படிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர்களின் புகையிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். ஏன் அவர்கள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்பவர்களிடம், யார் அவர்களை உள்ளே விட்டார்கள் என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. இங்கே வந்து அப்பா உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அம்மா ஹோட்டல் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடித்தார். மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வாடகை வீட்டின் குசினி மேசையில் படித்து நான் புள்ளியியலில் பட்டம் வாங்கினேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அமெரிக்கத் தொழில்முறை அணிகளுக்கு ஆட்டக்காரர்களைப் பற்றி அறிக்கை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். நெடுஞ்சாலை ஓரம் நான்கு மாடிக் கட்டடம். அமெரிக்க அணிகளின் வேலையை மொன்ட்ரியாலில் ஏன் செய்கிறார்கள் என்றால், இங்கே பட்டதாரிகள் மலிவு. முதல் மாடியில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஆட்ட நாடாக்களைப் பார்த்துக் கணினியில் பதிவோம். நான்காம் மாடியில் ஆய்வாளர்கள் நாங்கள் பதிந்ததை வைத்து அறிக்கை எழுதுவார்கள். அறிக்கையின் கீழே அவர்களின் பெயர் இருக்கும். சேர்ந்த முதல் நாளே எனக்கு நான்காம் மாடி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவுக்கு இந்த வேலை கடைசிவரை விளங்கவில்லை. "ரிவி பாக்கிறதுக்கோ உன்னைக் கூப்பிட்டவங்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அதுக்கோ இவ்வளவு படிச்சனி?" என்றார்.

பயிற்சி ஆறு வாரம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை செய்த முறையைத்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் நாடா தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் ஒளிபரப்பு இல்லை. அணிகள் தாங்களே உயரத்திலிருந்து எடுப்பது. சத்தம் கிடையாது. திரையில் எழுத்து எதுவும் வராது. ஒவ்வொரு முயற்சிக்கும் மூன்று துண்டுகள் இருக்கும். முதலில் மைதானத்தின் ஸ்கோர்பலகையை இரண்டு மூன்று வினாடி காட்டுவார்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து அந்த முயற்சி முழுவதும். பிறகு அதே முயற்சி பின்னாலிருந்து. குவார்ட்டர்பேக் எறிந்தானா, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், பிடிபட்டதா என்று நாங்கள் ஒரு வரியில் பதிந்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஸ்கோர்பலகையைத் தாண்டிப் போவதுதான் எங்கள் கெட்டித்தனம். பொத்தானை அழுத்தும் கணத்தைக் கை பழகிவிட்டால் பலகை கண்ணில் படாமலே அடுத்த துண்டு வந்து நிற்கும். ஒவ்வொரு முயற்சியிலும் மூன்று வினாடி மிச்சம். கணினியில் 'ஸ்கோர்' என்று ஒரு பெட்டி இருந்தது. அதை வெறுமையாக விடச் சொல்லித்தான் கற்பித்தார்கள். முடிவில் யார் வென்றது என்பது பத்திரிகையிலேயே இருக்கிறதே என்பார் மார்செல்.

மார்செல் எங்களுக்கும் நான்காம் மாடிக்கும் மேலாளர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாடாவை முழுதாகப் பார்த்ததை நான் கண்டதே இல்லை. கோப்பிக் கோப்பையோடு எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு வரி பதிய எத்தனை வினாடி என்று மூச்சுக்குள் பிரெஞ்சில் எண்ணுவார். அது காதில் விழும். குறைவாக இருந்தால் "வுவாலா", அப்படித்தான், என்று தோளில் தட்டிவிட்டுப் போவார். கூடினால் எண்ணிக்கொண்டே நிற்பார். வெள்ளிக்கிழமை தோறும் யார் எத்தனை முயற்சி பதிந்தோம் என்ற வரிசையைக் கதவில் ஒட்டுவார். ஐந்தாம் மாதத்திலிருந்து அதில் முதல் பெயர் என்னுடையது. சுகந்தினி என்பதை அவர் 'சூசி' என்று எழுதுவார். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

எனக்கு அடுத்த இடம் ரஞ்சன் அண்ணைக்கு. ஊரில் தபால் நிலையத்தில் வேலை செய்தவர். பக்கத்து மேசைக்காரர். "பிள்ளை, நீ உந்த வேகத்தில போனா ஆட்டம் நடக்க முன்னமே எழுதிப் போடுவாய்" என்பார்.

ஒரு வருடம் பதிந்த பிறகு, பதிந்ததை வைத்து நானே ஒரு தாள் தயாரித்தேன். குவார்ட்டர்பேக் மிக அதிகத் தூரம் எறிந்த நாட்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல அவன் அணி தோற்ற நாட்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, "அதிகம் எறிகிறவன் தோற்கிறான்" என்று சொன்னேன். நான்காம் மாடிக்குப் படி ஏறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மார்செல் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லது. நாளைக்கே எல்லா அணிகளுக்கும் கடிதம் எழுதுவோமா, சூசி? எறியாதீர்கள், வெல்வீர்கள் என்று?" சிரிப்பு எழுந்தது. அவர் விடவில்லை. "வீட்டில் சாகிறவர்களைவிட மருத்துவமனையில் சாகிறவர்கள் அதிகம். அதனால் நோயாளிகளை வீட்டிலேயே வைத்திருப்போம், சரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ரஞ்சன் அண்ணை என் மேசைக்கு வந்து, "அந்தாள் சிரிக்க நானும் சிரிச்சுப் போட்டன், கோவிக்காதை" என்றார்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, மார்செல் சொன்னது சரி என்பதுதான். காரணத்தையும் விளைவையும் நான் மாற்றிப் போட்டிருந்தேன். ஆனால் அந்த எண்கள் ஏன் அப்படி இருந்தன என்று அவர் கேட்கவே இல்லை. சிரித்து முடித்ததும் அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

மதிய இடைவேளையில் ஒரு நாடாவைப் போட்டு, முதல் தடவையாக எதையும் தாண்டாமல் பார்த்தேன். ஸ்கோர்பலகை வந்தது. நான் பதிந்திருந்த குவார்ட்டர்பேக்கின் அணி இருபத்தொரு புள்ளி பின்னால். கடைசிக் கால் பகுதி. அவன் எறிகிறான், பிடிபடுகிறது. மறுபடி பலகை, மறுபடி எறிகிறான். அவன் எறியத்தான் வேண்டும். பந்தைக் கொடுத்து ஓடவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரணியோ பின்னால் தள்ளி நின்று நீண்ட எறிதலை மட்டும் தடுக்கிறது. குட்டி எறிதல்களை, எடுத்துக்கொண்டு போ என்று விட்டுக்கொடுக்கிறது. நேரம் போனால் அவர்களுக்குப் போதும். அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அவன் பெயரில் ஏறிய யார்டுகளை நான்தான் முன்பு பதிந்திருந்தேன். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது எறிந்த யார்டுகளுக்கும் இவற்றுக்கும் என் கணினியில் ஒரு வித்தியாசமும் இல்லை. முன்னால் நிற்கும் அணியில் நேர்மாறு. அவர்கள் பந்தை ஓடுபவனிடம் கொடுத்து நேரத்தைக் கரைப்பார்கள். அவர்களின் குவார்ட்டர்பேக் எறிவது குறையும். அவன் எண்ணும் குறையும்.

தோற்கிறவனின் கணக்கு கூடுகிறது, வெல்கிறவனின் கணக்கு குறைகிறது. அதைக் காட்டக்கூடிய ஒரே துண்டைத்தான் நாங்கள் பன்னிரண்டு பேரும் போட்டி போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தோம். எல்லோரிலும் வேகமாகத் தாண்டியவள் நான். அதற்குத்தான் கதவில் என் பெயர் முதலில் இருந்தது.

அன்றிலிருந்து ஸ்கோர் பெட்டியை நிரப்பத் தொடங்கினேன். என் வேகம் விழுந்தது. கதவுத் தாளில் ஏழாம் இடத்துக்கு இறங்கினேன். "சூசிக்குக் கை நோகிறதா?" என்று மார்செல் எல்லோர் முன்னும் கேட்டார். ரஞ்சன் அண்ணைக்கு முதல் இடம். "பள்ளிக்கூடத்திலகூட நான் முதலாம் பிள்ளையா வந்ததில்லை. பிள்ளை, உனக்குப் பிடிச்ச விசருக்கு நன்றி" என்றார். அவர் வீட்டுக்குப் போகும்போது, தான் பதிந்த நாடாக்களின் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் அவற்றுக்கும் ஸ்கோர் நிரப்பினேன். இரண்டு பருவம் இப்படி.

மூன்றாம் வருடக் கடைசியில் நான்காம் மாடியில் ஓர் இடம் காலியானது. அதே வாரம் தெற்கே ஒரு நகரத்து அணி எங்களிடம் கேட்டது: எங்கள் அணியில் இரண்டு குவார்ட்டர்பேக்குகள், ஒருவனை வைத்திருந்து மற்றவனை அனுப்ப வேண்டும், யாரை? மார்செல் என்னைக் கூப்பிட்டார். "இந்த அறிக்கையை நீ எழுது. அணி அதை ஏற்றுக்கொண்டால் மேலே அந்த நாற்காலி உனக்கு."

இருவரையும் சட்டை இலக்கத்தால் சொல்கிறேன். பதினாறாம் இலக்கக்காரன் வேறோர் அணியிலிருந்து வந்தவன். அங்கே மலை மலையாக யார்டு எறிந்திருந்தான். தொலைக்காட்சிக்கு அவன் செல்லப்பிள்ளை. நாலாம் இலக்கக்காரன் மூன்று வருடமாக அதே அணியில் இருந்தவன். அவன் ஆடிய நாட்களில் அணி பெரும்பாலும் வென்றது. ஆனால் அவன் எண்கள் சோர்ந்து கிடந்தன.

இருவரின் நாடாக்களையும் மூன்று வாரம் பார்த்தேன். பதினாறாம் இலக்கக்காரனின் யார்டுகளில் பெரும்பகுதி ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகு வந்தவை. அவனிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. நெருக்கினால் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டே விழுவான். அப்படி விழுத்தப்பட்டு இழக்கும் தூரம் அணியின் கணக்கில் கழிக்கப்படும். அவனுடைய சொந்தக் கணக்கில் கழிக்கப்படாது. நாலாம் இலக்கக்காரன் நெருக்கப்பட்டால் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுவான். அணி ஒரு யார்டும் இழக்காது. ஆனால் அது பிடிபடாத எறிதல் என்று அவன் பெயரில் குறையாக ஏறும். அணியைக் காப்பாற்றிய ஒவ்வொரு எறிதலும் அவனுக்குக் கெட்ட பெயர். ஸ்கோர் நெருக்கமாக இருந்த நேரத்தை மட்டும் எடுத்து, விழுந்து இழந்ததையும் கழித்து, ஓர் எறிதலுக்கு எத்தனை யார்டு என்று பார்த்தேன். நாலு முன்னால் நின்றான். இதிலும் பந்தைப் பிடிப்பவர்களுக்கும் அவனைக் காப்பவர்களுக்கும் பங்கு உண்டு, முழுப் புகழும் அவனுக்கு மட்டும் சேராது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். எல்லாம் ஒரே பக்கத்தில், அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில், இருந்தது.

மார்செல் தன் அறையில் நின்றபடியே அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "மிக நல்ல பக்கம்" என்றார். பிறகு கோப்பின் வளையங்களைத் திறந்து, அந்தத் தாளை மட்டும் உருவி எடுத்து, வளையங்களை மூடினார்.

"அவர்களின் முதலாளி பதினாறை ஏற்கனவே தீர்மானித்துவிட்டார். இந்தப் பக்கம் அவர்களைக் குழப்பும்."

"தீர்மானித்துவிட்டால் நம்மிடம் ஏன் கேட்கிறார்கள்?"

"கேட்டோம் என்று சொல்வதற்கு." அவர் சிரிக்கவில்லை. "நீ கெட்டிக்காரி, சூசி. பக்க எண்களை மாற்று. முடிவுரையில் ஒரு வரியை மாற்று. மேலே போ. மேலே போன பிறகு உனக்குப் பிடித்ததை எழுது."

அந்த வரியையும் அவரே சொன்னார்: நாலாம் இலக்கக்காரர் தேவையான தூரத்தை எறிவதில்லை. சொல்லுக்குச் சொல் அது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

நான் மறுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுக்கவில்லை. பக்க எண்களை மாற்றினேன். அந்த வரியைத் தட்டச்சு செய்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அச்சடித்த ஓர் அறிக்கையின் கீழே என் பெயர் வர வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அதை மார்செல் நன்றாகவே கண்டிருந்தார்.

அணி அறிக்கையை ஏற்றது. நான்காம் மாடி கிடைத்ததை வீட்டில் சொன்னேன். அப்போது நாங்கள் நகரின் மேற்கே பியர்ஃபொன்ட்ஸில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். "அப்ப இனி ரிவி பாக்கத் தேவையில்லையோ?" என்றார் அம்மா.

"இல்லையம்மா. இனி எழுதுற வேலை."

"எழுதுறதோ!" என்று ஈரக் கையோடு வந்து என் முகத்தைப் பிடித்தார். "என்ர பிள்ளை எழுதி, வெள்ளைக்காரன் வாசிக்கிறானோ!" அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அணி பதினாறை வைத்துக்கொண்டது. நாலாம் இலக்கக்காரனை அனுப்பிவிட்டது. பருவம் தொடங்கியது. பதினாறு எறிந்தான், எறிந்தான், எறிந்துகொண்டே இருந்தான். அணி தோற்றது, மறுபடி தோற்றது. மார்செல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்திரிகைத் துண்டோடு என் மேசைக்கு வந்தார். "பார், நம் அறிக்கையில் சொன்ன அளவுக்கே எறிகிறான். வுவாலா." தோற்கிறார்களே என்றால், "அது தடுப்பாட்டக்காரர்களின் குற்றம்" என்பார். புதிய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விளம்பரத் தாளில் அந்த அறிக்கையை எங்கள் வெற்றி என்று போட்டார். மேலே போன பிறகு பிடித்ததை எழுதலாம் என்றாரே, நான் எழுதிய ஒவ்வொரு அறிக்கையிலும் ஸ்கோர் பற்றிய பக்கத்தை உருவினார். ஆனாலும் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

பருவம் முடிந்ததும் அந்த அணியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அவர்களின் அதிகாரி. கரகரத்த குரல், அவசரமில்லாத பேச்சு. மார்செல் ஒலிபெருக்கியில் போட்டு, என்னையும் தன் மேசை அருகே நிற்க வைத்தார்.

"எனக்கு ஒரு கேள்விதான்" என்றார் அவர். "பதினாறு முன்பு எறிந்த அந்த யார்டுகள் எந்த ஸ்கோரில் வந்தவை? உங்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லையா?"

மார்செல் என்னைப் பார்த்து விரலை இடமும் வலமும் ஆட்டினார். பிறகு தொலைபேசியை நோக்கி, "அப்படி ஒரு தகவலை இந்தத் துறையில் யாருமே சேகரிப்பதில்லை" என்றார்.

"நான் சேகரித்தேன்" என்றேன். "ஒரு முழுப் பக்கம் எழுதினேன். நாலாம் இலக்கக்காரனை வைத்திருக்கச் சொல்லி எழுதினேன். உங்களுக்கு அனுப்பும் முன் அது எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டது தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்."

மார்செல் ஒலிவாங்கியை அணைக்கப் பொத்தானைத் தேடினார். வினாடிகளை எண்ணிக்கொண்டே இருந்த அந்த மனிதருக்கு அந்தப் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. அன்று பின்னேரமே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ரஞ்சன் அண்ணைதான் என் பெட்டியைக் காரில் ஏற்றினார். "நல்லாக் கேட்டது, பிள்ளை. கீழ்மாடிவரைக்கும் கேட்டது" என்றார். உண்மை சொன்னவள் என்று அதன் பிறகு சிலர் என்னைப் புகழ்ந்தார்கள். ஒரு வருடம் பிந்திச் சொன்ன உண்மைக்கு என்ன புகழ்? அழைப்பின் கடைசிப் பகுதியை நான் அவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. மலர்க்காரர்கள் விரும்பினால் போடட்டும்.

நான் சொன்னதைக் கேட்டு அந்த அதிகாரி சொன்னார்: "நாலாம் இலக்கக்காரனை அனுப்புகிறோம் என்ற செய்தியை அவனுக்குச் சொல்லப் போனவன் நான். தான் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டான். உங்கள் அறிக்கையைக் கையில் கொண்டு போயிருந்தேன். தேவையான தூரத்தை எறிவதில்லை என்ற வரியை வாசித்தேன். தாளை வாங்கித் தானே ஒரு தடவை வாசித்தான். கீழே இருந்த பெயரை அவனால் வாசிக்க முடியவில்லை. இந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. எப்படிச் சொல்வது?"

"சுகந்தினி" என்றேன்.

அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாம் தரம் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மறுமுனையில் அவர் அதை எழுதிக்கொண்டார்.